தையல்கடைத் துண்டும் குக்கீயும்: இணையத் தனியுரிமையை அனிமேஷனில் சொல்லிக்கொடுப்பது

நான் செய்த முதலாவது அனிமேஷன் படத்தில் ஒரு பிஸ்கற் நடந்து வரும். அதற்குக் கை, கால், கறுப்புக் கண்ணாடி எல்லாம் இருக்கும். ஒரு பெண்ணின் கையடக்கத் தொலைபேசிக்குள் ஏறிக் குந்தியிருந்து, அவர் பார்ப்பதையெல்லாம் கொப்பியில் எழுதும். இரண்டரை நிமிடப் படம். கடதாசியில் வெட்டிய உருவங்களை மேசையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, போனால் படமெடுத்து ஒட்டியது. வன்னியில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில், மாதர் சங்கப் பெண்கள் முப்பது பேரளவில் கூடியிருந்த இடத்தில் அதைப் போட்டுக் காட்டினேன்.

படம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் கேட்டார்: "உதென்ன பிள்ளை, கொக்கிஸ் ஏன் போனுக்குள்ள போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கேட்டதில் பிழையில்லை. ஆங்கிலத்தின் 'குக்கீ' ஒல்லாந்தரின் 'கூக்ய' என்ற சொல்லிலிருந்து வந்தது. சித்திரை வருடத்துக்கு எண்ணெயில் பொரிக்கும் கொக்கிஸும் அதே ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் என் படம் பிழையானது. அதைச் செய்து முடித்துக் காட்டிய பிறகுதான் எனக்கு அது விளங்கியது. குக்கீ எதையும் பார்ப்பதில்லை. எதையும் எழுதுவதுமில்லை. அது போனுக்குள் இருக்கும் உளவாளி அல்ல. அப்படி வரைந்ததால், தங்களுக்கு எங்கிருந்து ஆபத்து வருகிறது என்பதை அந்தப் பெண்கள் தவறான இடத்தில் தேடத் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தை மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். இணையப் பாதுகாப்புப் பற்றி எங்கள் ஊர்களில் வகுப்பெடுப்பவர்களுக்கும், குக்கீ என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

மறதிக்காரத் தையற்காரி

இணையம் அடிப்படையில் மறதி உள்ளது. ஒரு தளத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், இரண்டையும் கேட்டது ஒரே ஆள்தான் என்று அந்தத் தளத்தின் சேர்வருக்குத் தெரியாது. ஒவ்வொரு கேள்வியும் அதற்குப் புதுக் கேள்வி. பக்கங்களை வாசிப்பதற்கு மட்டும் இணையம் இருந்த காலத்தில் இது பிரச்சினையாக இருக்கவில்லை. கடை நடத்த வெளிக்கிட்டபோதுதான் பிரச்சினையானது. கூடையில் சாமானைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் கூடை வெறுமையாகிவிடும்.

1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுல்லி என்ற இளம் பொறியியலாளர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தளம் ஒரு சிறு எழுத்துத் துண்டைப் பாவனையாளரின் பிரவுசருக்குக் கொடுக்கும். பிரவுசர் அதை வைத்திருந்து, அதே தளத்துக்குத் திரும்பப் போகும் ஒவ்வொரு தடவையும் நீட்டும். கணினித் துறையில் இப்படிக் கை மாறும் அடையாளத் துண்டுக்கு முன்பே 'மஜிக் குக்கீ' என்று ஒரு பெயர் இருந்தது. மொன்டுல்லி அதையே எடுத்துக்கொண்டார். தமிழில் சிலர் 'நினைவி' என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் போனில் 'குக்கீ' என்றுதான் வருகிறது என்பதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

இரண்டாவது படத்துக்கு முதலில் கிளினிக் கொப்பியைத்தான் உவமையாக நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கொண்டுபோய் நீட்டுகிறோம் அல்லவா? வரைந்த படங்களை ஒரு தோழிக்குக் காட்டினேன். அவர் தாதியாக வேலை பார்ப்பவர். "கிளினிக் கொப்பியில வருத்தம், மருந்து எல்லாம் எங்கட கையிலயே இருக்குமெல்லோ. குக்கீயும் அப்படியோ?" என்று கேட்டார். இல்லை. அதற்கு நேர்மாறு. குக்கீயில் பெரும்பாலும் இருப்பது ஒரு இலக்கம் மட்டும்தான். கதை முழுவதும் அவர்களிடம் இருக்கிறது.

அதனால் தையல்கடைக்கு மாறினேன். எங்கள் ஊர்த் தையற்காரி ஒருவரை வரைந்தேன். அவருக்குச் சரியான மறதி. முகம் ஞாபகமிருக்காது. ஆகவே துணி கொடுக்க வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுக்கிறார். துண்டில் 417 என்று மட்டும் இருக்கும். தையற்காரியின் தடித்த கொப்பியில் 417ஆம் பக்கத்தில் உங்கள் இடுப்பளவு, மார்பளவு, பிடித்த நிறம், கடைசியாக எப்போது வந்தீர்கள், எவ்வளவு காசு பாக்கி எல்லாம் எழுதியிருக்கும். அடுத்த தடவை துண்டை நீட்டுகிறீர்கள். தையற்காரி பக்கத்தைப் பிரட்டுகிறார். "ஓ, நீங்களோ, வாங்கோ" என்கிறார்.

இந்தக் காட்சி மண்டபத்தில் உடனே விளங்கியது. அளவுக் கொப்பி என்பது எந்தப் பெண்ணும் நாலு பேர் பார்க்கத் திறந்து வைக்க விரும்பாத சாமான். துண்டு தொலைந்தால் பெரிய நட்டமில்லை, கொப்பி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி என்று நான் சொல்வதற்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் படத்தில் தனியாகக் காட்ட வேண்டியிருந்தது. தையல்கடைத் துண்டை நாங்கள்தான் எடுத்து நீட்டுகிறோம். குக்கீயை நாங்கள் நீட்டுவதில்லை. பிரவுசர் எங்களைக் கேட்காமல், ஒவ்வொரு தடவையும், கண்ணிமைக்கும் நேரத்தில் நீட்டிவிடும். படத்தில் அந்தப் பெண்ணின் கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை தானாக வெளியே வந்து துண்டைக் காட்டிவிட்டு உள்ளே போகும். பெண்ணுக்குத் தெரியாது. ஒரு சுவரொட்டியில் இதைக் காட்ட முடியாது. கொடுப்பது, வைத்திருப்பது, திரும்ப நீட்டுவது என்று காலத்தில் நடக்கிற ஒரு செயல் இது. குக்கீயை விளக்க அனிமேஷன் பொருத்தமானது என்று நான் நம்புவதற்கு முதற் காரணம் இதுதான்.

விளம்பரப் பலகைக்குப் பக்கத்தில் நிற்பவர்

இதுவரைக்கும் கதையில் தீமை இல்லை. தையற்காரிக்கும் உங்களுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல். மின்னஞ்சலுக்குள் போவதும், வங்கித் தளத்தைப் பாவிப்பதும், தமிழ் மொழியைத் தெரிவு செய்தால் அது நிலைத்திருப்பதும் இந்த வகைக் குக்கீயால்தான்.

சிக்கல் மூன்றாம் ஆளால் வருகிறது. ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். அதில் உள்ள விளம்பரம் அந்தத் தளத்தின் சேர்வரில் இருந்து வருவதில்லை. வேறொரு விளம்பர நிறுவனத்தின் சேர்வரில் இருந்து வருகிறது. வரும்போது அந்த நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு துண்டைத் தருகிறது. அதே நிறுவனத்தின் விளம்பரம் மருந்துக் குறிப்புத் தளத்திலும், வேலைவாய்ப்புத் தளத்திலும், மரண அறிவித்தல் போடும் தளத்திலும் இருந்தால், எல்லா இடத்திலும் நீங்கள் நீட்டுவது ஒரே துண்டு.

படத்தில் இது இப்படி வரும். தையல்கடைச் சுவரில் ஒரு விளம்பரப் பலகை. பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெடியன். 9052 என்று ஒரு துண்டு தருகிறான். அடுத்தது பாமசி. அங்கேயும் அதே பலகை, அதே பெடியன். அடுத்தது நகை அடைவு பிடிக்கும் கடை. அங்கேயும் அவன்தான். அவனுடைய கொப்பியில் 9052: துணி தைக்கக் கொடுத்தார், நித்திரைக் குளிசை பற்றிக் கேட்டார், சங்கிலி அடைவு வைத்தார். பெயர் மட்டும் தெரியாது.

இந்த ஏற்பாடு புதிதல்ல. டபிள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் 1990களின் நடுப்பகுதியிலேயே இதைத் தொடங்கிவிட்டன. பொதுமக்களில் பெரும்பாலானோர் குக்கீ பற்றி முதலில் கேள்விப்பட்டது 1996 பெப்ரவரியில் ஃபினான்சியல் டைம்ஸ் பத்திரிகை எழுதிய பிறகுதான். அதுவரைக்கும் பிரவுசர்கள் எவரிடமும் கேட்காமல் துண்டுகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தன. 1997 பெப்ரவரியில் வெளிவந்த முதலாவது தொழில்நுட்ப நியம ஆவணம் மூன்றாம் ஆளின் குக்கீகளை அனுமதிக்கக்கூடாது, குறைந்தது தொடக்க நிலையில் மூடியாவது வைக்க வேண்டும் என்று சொன்னது. பெரிய பிரவுசர்கள் அதைக் கேட்கவில்லை. 2007இல் கூகுள் 3.1 பில்லியன் டொலருக்கு டபிள்கிளிக்கை வாங்குவதாக அறிவித்து, அடுத்த வருடம் வாங்கி முடித்தது. எச்சரிக்கை இருந்தும் காசு வென்ற கதை என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

நான் வரைந்த சோதனைச்சாவடி

ஆனால் இந்தப் பெடியனை நான் முதலில் வரைந்தது வேறு விதமாக. அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும் என்று நினைத்து, இரண்டாவது படத்தில் விளம்பரப் பலகைக்குப் பதிலாகச் சோதனைச்சாவடி வரைந்தேன். ஏ9 வீதி, மண்மூட்டை, குறுக்குத் தடி, கொப்பியுடன் ஒருவர். ஒவ்வொரு சந்தியிலும் அதே ஆள் இலக்கத்தைப் பதிகிறார். உவமையாகப் பார்த்தால் அச்சொட்டாகப் பொருந்துகிறது. பாஸ் எடுத்துப் பயணித்தவர்கள், பதிவு பதிவு என்று வரிசையில் நின்றவர்கள், முகாமில் இலக்கத்தால் கூப்பிடப்பட்டவர்கள் என்று இந்த அனுபவம் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு.

மண்டபம் அமைதியாகிவிட்டது. முதற் படத்துக்குச் சிரித்த அதே பெண்கள். பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து வெளியே போய்த் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வயதான ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப இது தலையாட்டி மாதிரியோ பிள்ளை?"

இல்லை அம்மா என்று சொன்னேன். ஆனால் சரியாக விளங்கப்படுத்த எனக்கு அப்போது வரவில்லை. தலையாட்டிக்கு உங்கள் முகம் தெரியும். விளம்பரக்காரனுக்கு முகம் தெரியாது, இலக்கம்தான் தெரியும். ஆனால் என்றைக்கு நீங்கள் ஏதோ ஒரு தளத்தில் மின்னஞ்சலையோ தொலைபேசி இலக்கத்தையோ கொடுத்துப் பதிகிறீர்களோ, அன்றைக்கு 9052க்குப் பெயர் வைக்க வழி பிறக்கிறது. அதற்கு முன்னர் எழுதியதும் அந்தப் பெயரின் கீழ் போய்ச் சேரலாம். இதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

அன்றைக்கு வேறொரு தாய் சொன்னதும் எனக்கு மறக்காது. "எங்களை எழுதாத ஆக்கள் ஆர்? அவையும் எழுதினவை, இவையும் எழுதினவை. இவனும் எழுதிக்கொண்டு போகட்டும்."

ஒருபக்கம் பயம், மறுபக்கம் இந்த அலுப்பு. இரண்டில் எது வந்தாலும், அதற்குப் பிறகு 'நீங்கள் செய்யக்கூடியவை' என்று நான் காட்டிய பகுதியை எவரும் பார்க்கவில்லை. பயமுறுத்துவதற்கு அனிமேஷன் நல்ல கருவி. ஆனால் பயப்படுவதற்கு எங்களுக்குப் பாடம் தேவையில்லை. சோதனைச்சாவடியை வெட்டி எறிந்துவிட்டு விளம்பரப் பலகையையும் பெடியனையும் வைத்தேன். பெடியன் வில்லன் போலவும் இல்லை. சம்பளத்துக்கு நிற்கிறான், அவ்வளவுதான்.

மீள்குடியேற்றக் காலத்தில் பாடசாலைகளிலும் முகாம்களிலும் நடந்த மிதிவெடி அபாயக் கல்வியை நினைத்துப் பார்த்தேன். அந்தச் சுவரொட்டிகளில் நல்லவை வெடித்த உடலைக் காட்டவில்லை. வெடிபொருளின் நிறம், வடிவம், எங்கே கிடக்கும், கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் காட்டின. தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவர்களிடம் சொல். பிள்ளை அடையாளம் காண வேண்டியது பொருளை. ஆகவே பொருள் சரியாக வரையப்பட வேண்டும். குக்கீக்கும் அதே விதிதான் என்று எனக்குப் படுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட பிஸ்கற்றை எவரும் தன் போனில் காணப்போவதில்லை.

கல்வி உளவியலிலும் இதற்கு ஆதாரம் உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ரிச்சர்ட் மேயர் நீண்ட காலமாகச் செய்த ஆய்வுகளில், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத சுவாரசியமான படங்களும் சத்தங்களும் கற்றலைக் குறைக்கின்றன என்று கண்டார். பார்பரா ட்வெர்ஸ்கியும் சகாக்களும் 2002இல் எழுதிய கட்டுரை இன்னும் கறாரானது. அசையும் படம் அசையாப் படத்தை விட எப்போதும் நன்றாகக் கற்பிக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்றார்கள். ஓடுகிற வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியாமல் போவது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. இதை வாசித்த பிறகு என் படத்தின் வேகத்தைக் குறைத்தேன். துண்டு கை மாறும் இடத்தில் இரண்டு செக்கன் ஒன்றும் அசையாது. நிறுத்தி நிறுத்திப் பேசக்கூடியதாக நாலு துண்டங்களாகவும் வெட்டினேன்.

கடதாசி அனிமேஷன் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. செக்கனுக்கு 8 படம் என்று எடுத்தால் மூன்று நிமிடத்துக்கு 1,440 படங்கள் வேண்டும். 12 என்றால் 2,160. நான் 8 என்றே எடுக்கிறேன். கொஞ்சம் வெட்டி வெட்டி ஓடும், பரவாயில்லை. அசையாத இடங்களில் ஒரே படத்தைத் திரும்பப் போடலாம். குரல் ஊர்ப் பேச்சில் இருக்க வேண்டும். முதற் படத்தில் நான் வானொலித் தமிழில் பேசியிருந்தேன். அது கூட்டத்தில் அறிவித்தல் வாசிப்பது போல இருந்தது.

கமெராவுக்கு முன்னால் வர எங்கள் பெண்கள் பலர் விரும்புவதில்லை. அதற்கான காரணங்களை இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அனிமேஷனில் எவருடைய முகமும் வராது. 2021இல் வந்த 'ஃப்ளீ' என்ற டென்மார்க் படம் ஓர் ஆப்கானிய அகதியின் கதையை அனிமேஷனில் சொன்னதும் அவருடைய அடையாளத்தை மறைப்பதற்காகத்தான். தனியுரிமை பற்றிய படம் எடுப்பதற்காக ஒருவருடைய தனியுரிமையைக் கெடுப்பதில் அர்த்தமில்லை.

கொம்யூனிகேஷன் கடையில் விட்டுவந்த துண்டு

மூன்றாவது தடவை படத்தைக் காட்டியபோது இருபது வயதளவில் ஒரு பிள்ளை கேட்டார். வேலைக்கு விண்ணப்பிக்க நகரத்தில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் பேஸ்புக்கும் மின்னஞ்சலும் திறந்திருக்கிறார். அடுத்த வாரம் அவருடைய கணக்கிலிருந்து அவர் எழுதாத செய்திகள் சிலருக்குப் போயிருக்கின்றன. "பாஸ்வேர்ட் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை அக்கா. பிறகு எப்படி?"

விளம்பரம், விளம்பரம் என்று நான் வரைந்துகொண்டிருந்த நேரத்தில், இந்த மண்டபத்துக்கு முக்கியமான குக்கீ வேறொன்று என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்படும் படங்கள் விளம்பரத்தைப் பற்றியே பேசும். அவர்கள் ஆளுக்கொரு போனும் வீட்டுக்கொரு கணினியும் வைத்திருப்பவர்களை நினைத்து எடுக்கிறார்கள். எங்களிடம் போன் கைமாறும். பிள்ளை வகுப்புக்குக் கொண்டுபோகும். உடைந்தால் திருத்தக் கொடுப்போம். விண்ணப்பம் நிரப்பக் கடைக் கணினியைப் பாவிப்போம். சில வேளை கேட்பவரிடம் போனைக் கொடுக்கத்தான் வேண்டும்.

கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனதும் தளம் உங்களுக்கு ஒரு துண்டு தருகிறது. அதற்குப் பிறகு கடவுச்சொல் தேவையில்லை. துண்டை நீட்டினால் போதும். அந்தத் துண்டு கடைக் கணினியின் பிரவுசரில் இருக்கிறது. நீங்கள் பக்கத்தை மூடிவிட்டு எழும்பி வந்தாலும் துண்டு அங்கேயே கிடக்கும். அடுத்ததாகக் குந்துபவர் பேஸ்புக்கைத் திறந்தால் அவர்தான் நீங்கள். எஸ்எம்எஸ்ஸில் இரகசிய இலக்கம் வரும்படி வைத்திருந்தாலும் இங்கே உதவாது. அது வாசலில் கேட்கும் கேள்வி. துண்டு வைத்திருப்பவர் ஏற்கனவே உள்ளே நிற்கிறார்.

இதிலே இரண்டு வேலைகளை வேறுபடுத்த வேண்டும். பிரவுசரில் குக்கீயை அழித்தால் உங்கள் பக்கத்துத் துண்டு கிழியும். தளத்திலிருந்து முறையாக வெளியேறினால் தையற்காரி தன் கொப்பியில் அந்த இலக்கத்தை வெட்டிவிடுவார். ஏற்கனவே எவரும் துண்டைக் கொப்பி பண்ணியிருந்தாலும் பிறகு செல்லாது. ஆகவே வெளியேறுவதுதான் முக்கியம். வீட்டுக்கு வந்த பிறகு நினைவு வந்தாலும் வழி இருக்கிறது. பேஸ்புக்கிலும் கூகுள் கணக்கிலும் எந்தெந்தச் சாதனங்களில் உங்கள் கணக்குத் திறந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் உண்டு. அங்கிருந்தே ஒவ்வொன்றையும் வெளியேற்றலாம். வட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைப் பாருங்கள். உங்கள் போனைச் சில நிமிடம் கையில் எடுக்கக்கூடிய ஒருவரால் கியூஆர் குறியைக் காட்டித் தன் கணினியை அதனுடன் இணைக்க முடியும். கடைக் கணினியில் வேலை என்றால் தனிப்பட்ட சாளரத்தில், அதாவது இன்கொக்னிட்டோவில், திறந்து வேலை முடிய எல்லாச் சாளரங்களையும் மூடினால் துண்டுகளும் அதனுடன் போய்விடும்.

இன்கொக்னிட்டோ பற்றிப் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். அது மூடும்போது துடைக்கும். திறந்திருக்கும்போது உங்களை மறைக்காது. அமெரிக்காவில் 2020இல் இதுபற்றிக் கூகுளுக்கு எதிராக வழக்குப் போடப்பட்டு, 2024இல் சேகரித்த தரவுகளை அழிக்கக் கூகுள் இணங்கியது. விபிஎன்னும் அப்படித்தான். 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் மாதங்களில் இங்கே சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டபோது கண்ட கண்ட இலவச விபிஎன் எல்லாம் எங்கள் போன்களில் ஏறின. விபிஎன் நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைத்தான் மாற்றுகிறது. கைப்பைக்குள்ளிருந்து துண்டு நீட்டும் அந்தச் சின்னக் கையை அது ஒன்றும் செய்வதில்லை.

சம்மதம் கேட்பதும் கேட்காததும்

பாரிஸில் இருக்கும் தம்பியும் கிளிநொச்சியில் இருக்கும் அக்காவும் ஒரே தளத்தைத் திறக்கிறார்கள். தம்பிக்குக் குக்கீக்குச் சம்மதமா என்று ஒரு பெட்டி வரும். அக்காவுக்குப் பல தளங்களில் ஒன்றும் வராது. வந்தாலும் ஆங்கிலத்தில் வரும். காரணம் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் தன் பணிப்புரையைத் திருத்தி, அவசியமற்ற குக்கீகளுக்கு முன்கூட்டியே சம்மதம் வேண்டும் என்றது. 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டியே சரி அடையாளம் போட்டு வைத்த பெட்டி சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரு தடவை அழுத்தினால் போதும், மறுப்பதற்குப் பல தடவை அழுத்த வேண்டும் என்று வைத்திருந்ததற்காகப் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் பேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் தண்டம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. 

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. தென்னாசியாவில் முன்னதாகவே வந்த சட்டம் என்று புகழப்பட்டாலும் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டது. தேசிய பாதுகாப்பின் பெயரில் விதிவிலக்குகளுக்கும் அதில் இடமிருக்கிறது. அந்த இரண்டு சொற்களும் எங்கள் பக்கத்தில் எப்படிக் கேட்கும் என்பது தெரிந்ததுதான்.

தமிழ்த் தளங்களை நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மரண அறிவித்தல், காணாமலாக்கப்பட்டோர் செய்தி, நினைவேந்தல் செய்தி என்று எங்கள் மக்கள் தேடி வாசிக்கும் பக்கங்களில் விளம்பர நிறுவனங்களின் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. விளம்பரம் இல்லாமல் தளம் நடத்துவது கஷ்டம் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒருவர் எந்த நினைவேந்தல் செய்தியை வாசித்தார் என்பது சப்பாத்து விளம்பரத்தைப் பார்த்தது போன்ற தகவல் அல்ல. ஐரோப்பியச் சட்டமே இன அடையாளத்தையும் அரசியல் கருத்தையும் விசேட பாதுகாப்புக்குரிய தரவாக வகுத்திருக்கிறது.

தன் பிரவுசரிலேயே இதைப் பார்க்க விரும்புபவர்களுக்கு முன்பு நல்லதொரு கருவி இருந்தது. மொஸில்லா 2012இல் 'கொலூஷன்' என்ற பெயரிலும் 2013இல் 'லைட்பீம்' என்ற பெயரிலும் வெளியிட்டது. நீங்கள் தளங்களுக்குப் போகப் போக, திரையில் புள்ளிகளும் கோடுகளும் வளர்ந்துகொண்டே போகும். நாலு தளம் திறந்தால் நாற்பது புள்ளி. எந்தக் கதையும் இல்லாத, பார்ப்பவரின் சொந்த நடமாட்டத்தில் இருந்தே உருவாகும் அனிமேஷன் அது. இப்போது கைவிடப்பட்டுவிட்டது. என் படங்களை விட அது கெட்டித்தனமானது என்று ஒத்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு சஃபாரியும் ஃபயர்பொக்ஸும் மூன்றாம் ஆளின் துண்டுகளைத் தாமாகவே தடுக்கின்றன அல்லது தனித்தனிப் பெட்டியில் அடைத்து வைக்கின்றன. குரோமில் இரண்டு வருடத்தில் நிறுத்துவோம் என்று 2020இல் சொன்ன கூகுள், திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. எங்களில் அநேகர் பாவிப்பது குரோம். அதன் அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் இடம் இருக்கிறது. ஒரு தடவை மாற்றிவிட்டால் போதும். செயலிகளுக்குள் குக்கீக்குப் பதிலாக விளம்பர அடையாள இலக்கம் என்று ஒன்று வேலை செய்கிறது. அண்ட்ரொயிட் போனில் கூகுள் அமைப்புகளில் விளம்பரங்கள் என்ற பகுதிக்குள் போய் அதை அழிக்கலாம். இதற்கு இன்னும் நான் படம் வரையவில்லை. அந்த இலக்கம் போனோடு ஒட்டியிருப்பதால் தையல்கடைத் துண்டு உவமை அதற்குப் பொருந்தாது.

இப்போது காட்டும் படத்தின் கடைசிக் காட்சியில், கொம்யூனிகேஷன் கடை வாசல் வரைக்கும் போன பெண் திரும்பி வந்து கணினியில் வெளியேறிவிட்டுப் போகிறார். படத்தை அதில் நிறுத்திவிட்டு எல்லோரையும் போனை எடுத்துத் தங்கள் கணக்குகள் எங்கெங்கே திறந்திருக்கின்றன என்று பார்க்கச் சொல்வேன். போன கிழமை ஒருவருடைய பேஸ்புக் பட்டியலில், தான் ஒருநாளும் வைத்திருக்காத ஒரு கணினி இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய திகதி. மகனைப் பற்றிய கடிதம் ஒன்றை ஸ்கேன் பண்ணி அனுப்பப் போன கடையாக இருக்கலாம் என்றார். எந்தக் கடை என்று நினைவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை எந்த இடத்தில் அழுத்துவது என்று காட்ட, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே அழுத்தினார். பிறகு அடுத்த வரிசைக்குத் திரும்பி, "நீயும் பார்" என்று தங்கைக்குச் சொன்னார்.